கொக்கித் தழும்பு

செல்லாயியின் வலது கன்னத்தில் ஐந்து குழிகள் இருந்தன. மூன்று நெருக்கமாக, ஒன்று காதுப் பக்கம் தள்ளி, ஒன்று உதட்டோரம். கடலூருக்குத் தெற்கே மணல்மேட்டுக்குப்பத்தில் அந்தக் குழிகளின் கதை தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கேட்டால்கூட ஒப்பிக்கும்: உத்திராபதியின் தூண்டில் கொக்கி செல்லாயி கன்னத்தைக் கிழித்தது, ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது, கிழித்தவனே கட்டிக்கொண்டான். இருபத்தாறு வருஷமாக அந்த ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கதையை ஒரு தடவை சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் தாம்பூலத் தட்டைத் தூக்குவார்கள்.

ஊர் சொல்கிற கதையில் ஒரே ஒரு குறைதான் உண்டு. அது பொய். அது செல்லாயிக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நடந்தது இதுதான். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கோயில் முந்திரித்தோப்பில் விழுந்து கிடந்த கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு போய், சவுக்குத் தோப்பின் மறைவில் தகர மூடியில் போட்டுச் சுட்டாள். முந்திரிக்கொட்டை சுடுகிறவர்கள் எட்ட நின்று குச்சியால் கிளறுவார்கள். கொட்டைக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் வெந்து கொப்புளம் போட்டுவிடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. செல்லாயிக்கும் தெரியும். ஆனால் நாக்கு முந்திக்கொண்டால் மூளை எங்கே வேலை செய்யும்? நெருப்பு அணைகிறதே என்று குனிந்து ஊதினாள். கொட்டை ஒன்று வெடித்தது. ஐந்து சொட்டு கன்னத்தில் தெறித்தது.

சாமி சொத்தைத் திருடித் தின்றாள் என்று தெரிந்தால் ஊரில் அபராதம், வீட்டில் துடைப்பக்கட்டை. ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். காலையில் தாவணித் தலைப்பைக் காதோடு இழுத்து மூடிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் கடற்கரைக்குப் போனாள். அங்கே உத்திராபதி, வரிசையாகக் கொக்கி கட்டுகிற நீளத் தூண்டில் கயிற்றை உதறி மணல் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு சுழற்று சுழற்றியதில் கயிற்று நுனி பறந்து வந்து, தாவணிக்கு மேலேயே, பட வேண்டிய இடம் பார்த்துப் பட்டது. கொப்புளம் அத்தனையும் உடைந்தது. செல்லாயி வீறிட்டுக் கத்தி உட்கார்ந்துவிட்டாள். அம்மா தாவணியை விலக்கிப் பார்த்தாள், ரத்தமும் நீருமாகக் கன்னம். "ஐயோ, கொக்கியால கிழிச்சிட்டானே பாவி!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூவினாள்.

கொக்கி என்று சொன்னது அம்மாதான், செல்லாயி இல்லை. இதை இருபத்தாறு வருஷமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருகிறாள். ஆனால் அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியபோது, ஊர்த்தலைவரான நாட்டார் கயிற்றை வரவழைத்து, அதில் தொங்கிய கொக்கியைக் காட்டி அவளையே நேராகக் கேட்டார், "கொக்கிதானம்மா பட்டுது?" என்று. உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தூரத்து மாமன் மகன், முறைப்பையன்தான். ஆனால் சொந்தமாகப் படகு இல்லாதவன் என்று அம்மா அவனை ஏறிட்டும் பார்க்கமாட்டாள். வேறொரு குப்பத்தில் படகுள்ள மாப்பிள்ளையாகப் பார்த்து வைத்திருந்தாள். உத்திராபதியைச் செல்லாயிக்குப் பிடித்திருந்ததா என்றால், பிடித்திருந்தது. படகைக் கரைக்கு இழுக்கும்போது எல்லா ஆம்பளைகளும் கத்துவார்கள், அவன் மட்டும் சிரிப்பான். ஒருத்தியின் மனசு சாய்வதற்கு அது போதாதா? கொக்கி என்றால் கிழித்தவனே கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஊரில் அடிபட்ட பேச்சு அவள் காதுக்கும் வந்திருந்தது. செல்லாயி தலையை ஆட்டினாள். அந்த ஒரு தலையாட்டலில் கல்யாணம் முடிந்தது.

முடிந்தது கல்யாணம்தான், உறுத்தல் இல்லை. உத்திராபதி அவளை ஒரு நாளும் அதட்டியதில்லை. குழம்பில் எந்த மீன் தலை கிடந்தாலும் கன்னச் சதையைக் கட்டைவிரலால் நெம்பி எடுத்து அவள் தட்டில்தான் வைப்பான். மீன்காரன் வீட்டில் மீனின் கன்னச் சதைதான் ராஜ துண்டு. அவன் வைக்க வைக்க அவளுக்குத் தொண்டையில் முள் ஏறும். கெடுத்துவிட்ட கன்னத்துக்குப் பரிகாரம் செய்கிறான் மனுஷன், செய்யாத தப்புக்குத் தினம் தினம் தண்டனை கட்டுகிறான் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொண்டே தின்றும் விடுவாள்.

இப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அனுப்பிரியா வீட்டுக்கு வந்தாள். நர்ஸுக்குப் படித்துவிட்டு சிதம்பரத்தில் ஒரு தோல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். உள்ளே நுழைந்ததும் அம்மாவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"யம்மா, எங்க கிளினிக்குல மைக்ரோநீட்லிங் பண்றாங்க. பேனா மாரி ஒரு மெஷின். நுனியில குட்டிக் குட்டி ஊசி, தலமுடிய வுட சன்னம். குழி மேல ஓட்டுனா பொடிப்பொடியா குத்திக்கினே போவும். தோலு அடிபட்டுட்டோமேன்னு நெனச்சிக்கினு புதுசா வளர ஆரம்பிக்கும். குழி மேடேறும்."

"நாப்பத்தஞ்சி வயசுல யாரு பாக்கப் போறாங்கன்னு மூஞ்சியில ஊசி குத்திக்கணும்?" என்றாள் செல்லாயி.

"யாரும் பாக்க வேணாம். நீ கண்ணாடியில பாத்துக்க. நீ கண்ணாடி பாத்தே நான் பாத்ததில்ல."

வாசலில் எஞ்சின் கழுவிக்கொண்டிருந்த உத்திராபதி தலையைத் தூக்காமல் சொன்னான். "ஒனக்கு இஷ்டமுன்னா செஞ்சிக்க புள்ள."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். செல்லாயியின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. பாவம், இந்தத் தழும்பு கண்ணுக்கு முன்னால் இல்லாமல் போனால் இந்த ஆள் நிம்மதியாக இருப்பான் என்று தோன்றியது. அதோடு இன்னொரு கணக்கும் ஓடியது. குழி தூர்ந்தால் பொய்யும் தூர்ந்துபோகும். அப்புறம் யார் எதைக் காட்டி எந்தக் கதையைச் சொல்ல முடியும்?

"சரி, போவலாம்" என்றாள். மகளே ஆச்சரியப்பட்டாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினார்கள். டாக்டருக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று உத்திராபதி ஒரு பையில் ஐஸ் போட்டு இறால் எடுத்து வந்திருந்தான். பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது அனுப்பிரியா டாக்டரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"சுவாதி டாக்டர் ரொம்ப நல்ல மாரி. பந்தாவே கெடையாது. திருவதிகைதான் ஊரு."

"பண்ருட்டி கிட்டயா?" என்றான் உத்திராபதி.

"ஆமாப்பா. அவுங்க வூட்டுல முந்திரிக்கொட்ட தான் தொழிலு. லீவுல இவுங்களும் ஒக்காந்து கொட்ட ஒடச்சிருக்காங்களாம்."

செல்லாயி வலது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, அதுதான் இது. சிதம்பரத்தில் தோல் டாக்டருக்கா பஞ்சம்? உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, முந்திரிக்கொட்டையில் பிறந்து வளர்ந்த டாக்டரிடமா கன்னத்தைக் காட்ட வேண்டும்? பண்ருட்டிக்காரி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாளே, இது கொக்கி இல்லை, கொட்டை என்று. அதுவும் இந்த மனுஷன் பக்கத்தில் நிற்கும்போது.

சிதம்பரத்தில் இறங்கியதும் ஒரு வழி தேடினாள். "மாமா, நீங்க எதுக்கு ஆஸ்பத்திரியில குந்திக்கினு? கோயிலுக்குப் போயிட்டு வாங்களேன். நடராஜரப் பாத்து எவ்ளோ நாளாச்சி."

உத்திராபதி கையிலிருந்த பையைத் தூக்கிக் காட்டினான். "எறாலோடயா?"

அண்ணாமலை நகர் போகிற சாலையில், ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது கிளினிக். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், முகம் முழுக்கப் பருத்தழும்பு. அவர்களுக்கு நடுவில் செல்லாயி முந்தானையைக் காதோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தொன்பது வயதில் தாவணியை இழுத்த அதே கை, அதே இழுப்பு. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

சுவாதி டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம். சர்க்கரை இருக்கிறதா, காயம் பட்டால் தடித்து வளருமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "இந்தத் தழும்பு எதனால வந்ததும்மா?" என்றாள்.

செல்லாயி வாயைத் திறப்பதற்குள் உத்திராபதி முன்னால் வந்தான். "என் கொக்கி பட்டுது டாக்டரம்மா. தூண்டில் கயித்த ஒதறும்போது. இருவத்தாறு வருசமாச்சி." சொன்னதோடு நிற்காமல், கயிறு எப்படிச் சுழன்றது என்று கையை வீசியும் காட்டினான்.

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பூதக்கண்ணாடி விளக்கை இழுத்துக் கன்னத்தின் மேல் கவிழ்த்தாள். குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய ஒக்காருங்க. மரத்துப் போற கிரீம் போடணும், முக்கா மணி நேரம் ஆகும்" என்றாள் டாக்டர்.

அவன் இறால் பையோடு வெளியே போனான். கதவு மூடியது. அனுப்பிரியா கையுறை மாட்டிக்கொண்டு கிரீமைப் பிதுக்கினாள். டாக்டர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"கொட்டைய வெறகு அடுப்புல சுட்டீங்களா, சட்டியிலயா?"

செல்லாயிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "தகர மூடியில, டாக்டரம்மா" என்றாள்.

"எனக்குத் தெரியாதாம்மா? எங்க வூட்டுக்கு வேலைக்கு வர்றவங்க கையில தெனமும் பாத்திருக்கேன். சொட்டு விழுந்த மாரி வட்டமா வெந்து குழி விழும். கொக்கி கிழிச்சா கோடா இழுத்துக்கினு போவும். உங்க வீட்டுக்காரர் கட்டவெரல் அடியில வெள்ளையா ஒரு கோடு இருக்கே, அதுதான் கொக்கித் தழும்பு. இது அது இல்ல."

அனுப்பிரியா கிரீம் தடவிய விரலோடு அப்படியே நின்றாள். "யம்மா. என்னா சொல்றாங்க இவுங்க?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், பெற்ற மகள் கண்ணுக்கு முன்னால் இதை மறைக்க முடியாது. தோப்பு, தகர மூடி, தாவணி, அம்மா கூவியது, நாட்டார் கேட்டது, தலையாட்டியது எல்லாவற்றையும் செல்லாயி ஒரே மூச்சில் கொட்டினாள். கடைசியில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க தாயி."

"நான் வைத்தியம் பாக்குறவம்மா, போலீசு இல்ல" என்று சிரித்துவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனாள்.

அனுப்பிரியா சிரிக்கவில்லை. கிரீமைச் சமமாகத் தடவி முடித்தாள். பிறகு சொன்னாள். "சின்னப் புள்ளையில இருந்து இந்தக் கதையக் கேட்டுத்தான் வளந்தேன். அப்பா பாவம்மா. தான் செஞ்ச தப்புன்னு எத்தினி வருசம் தல குனிஞ்சிருக்காரு. நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லு. அடுத்த மாசம் ரெண்டாவது தடவ வர்றதுக்குள்ள சொல்லிடணும்."

"சொன்னா என்னை மதிப்பாராடி?"

இருபத்தாறு வருஷமாகச் செல்லாயியின் தூக்கத்தைக் கெடுத்ததும் அந்த ஒரு கேள்விதான். பொய்யில் தொடங்கிய குடித்தனம் என்று தெரிந்தால் இந்த மனுஷன் பழைய மாதிரி முகத்தைப் பார்ப்பானா? அந்தக் கன்னச் சதையை நெம்பி எடுத்து வைப்பானா?

கன்னம் மரத்ததும் டாக்டர் அந்தப் பேனாவைக் கையில் எடுத்தாள். தையல் மெஷின் தூரத்தில் ஓடுவது போல ஒரு சத்தம். வலி பெரிதாக இல்லை. கன்ன எலும்புக்கு மேலே போகும்போது மட்டும் பல் கூசியது. மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் ஓட்டினாள். அனுப்பிரியா பக்கத்தில் நின்று பஞ்சால் ஒற்றி எடுத்தாள். பஞ்சில் ஊசிமுனை ஊசிமுனையாக ரத்தப் புள்ளிகள்.

"முழுசா மறையாதும்மா, இப்பவே சொல்லிடறேன்" என்றாள் டாக்டர். "மாசம் ஒரு தடவ, மூணு நாலு தடவ செஞ்சா பாதிக்கு மேல மேடேறும். மூணு நாளைக்கு வெயில் கூடாது, அடுப்புச் சூடு கூடாது, மஞ்சள் கூடாது, உப்புக் காத்துல நிக்கக் கூடாது."

"கடக்கரையில வூட்ட வெச்சிக்கினு உப்புக் காத்துக்கு நான் எங்க போவேன்?" என்றாள் செல்லாயி. இறாலை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று டாக்டர் நாலு தடவை மறுத்துவிட்டு, ஐந்தாம் தடவை வாங்கிக்கொண்டாள்.

வீடு திரும்பிய பிறகு உத்திராபதி செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. கடல் பக்கத்து ஜன்னலைப் பழைய போர்வையால் அடைத்தான். மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை. அடுப்பை அவனே எடுத்துக்கொண்டான். முதல் நாள் குழம்பில் உப்பில்லை, இரண்டாம் நாள் முதல் நாள் உப்பும் சேர்ந்து விழுந்தது. செல்லாயியின் முகம் சிவந்து காந்தியது, இட்லிப் பானைக்குள் தலையை விட்டு எடுத்தது மாதிரி. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "தழும்பு போயிட்டா நம்ம ஊருக்குச் சொல்லிக்க என்னாடி கத இருக்குது?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். உத்திராபதி அவளை வாசலோடு அனுப்பிவைத்தான். "வெளிச்சம் ஜாஸ்தி உள்ள வருது, கதவ சாத்திட்டுப் போ."

இந்தக் கவனிப்பு ஒவ்வொன்றும் செல்லாயியைக் குத்தியது. டாக்டரின் ஊசிக்காவது மரத்துப் போகிற கிரீம் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கொடுவா மீன் தலைக் குழம்பு. உப்பு ஒரு வழியாகச் சரியாக விழுந்திருந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். உத்திராபதி வழக்கம்போலத் தலையைப் பிளந்து, கட்டைவிரலால் கன்னச் சதையை நெம்பி எடுத்து அவள் தட்டில் வைத்தான். வைத்த கையின் கட்டைவிரல் அடியில் வெள்ளைக் கோடு. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. மீன்பிடிக்கிறவன் கையில் தழும்புக்கா குறைச்சல்? எப்போது பட்டது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

"மாமா, எனக்கு இது வேணாம்."

"ஏன், காரமா?"

"இதத் திங்கிற யோக்கித எனக்கு இல்ல." அதோடு நிறுத்தவில்லை, நிறுத்தினால் இந்த ஜென்மத்தில் சொல்லமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். "ஒங்க கொக்கி எம்மேல படல மாமா. மொத நாளே கோயில் தோப்புல முந்திரிக்கொட்ட எடுத்துச் சுட்டேன். வெடிச்சி தெறிச்சிது. மறுநாள் ஒங்க கயிறு பட்டு அந்தக் கொப்புளம்தான் ஒடஞ்சிது. நாட்டாரு கேக்கறப்ப சொல்லியிருக்கணும். சொல்லல. ஒங்களக் கட்டிக்கலாமேன்னு தலைய ஆட்டிட்டேன். செய்யாத தப்புக்கு இத்தினி வருசம் ஒங்களத் தல குனிய வெச்சிட்டேன்."

உத்திராபதி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"முந்திரிக்கொட்டயா?" என்றான். "நீ தோசக்கல்லுல சுட்டுக்கினேன்னுல்ல நான் நெனச்சிக்கினு இருந்தேன்."

செல்லாயிக்கு அவன் சொன்னது மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆயிற்று. "என்னாது?"

"அன்னிக்கிக் கயித்துல கொக்கியே இல்ல புள்ள. துரு புடிச்சிருக்குன்னு எல்லாத்தயும் அவுத்து மண்ணெண்ணெயில ஊற வெச்சிருந்தேன். வெறுங்கயிறுதான் ஒம்மேல பட்டுது. ஒங்கம்மா கொக்கின்னு கத்துனப்ப எனக்கே ஒண்ணும் புரியல. எல்லாரும் ஒன்னத் தூக்கிக்கினு ஓடுனாங்க. கயித்த யாரு பாத்தா?"

"அப்ப பஞ்சாயத்துல கயித்தக் கொண்டாரச் சொன்னப்ப? அதுல கொக்கி இருந்துதே. நாட்டாரு எடுத்துக் காட்டுனாரே."

உத்திராபதி தலையைச் சொறிந்தான். ஐம்பது வயது ஆளுக்கு வெட்கம் வந்தால் பார்க்க விநோதமாகத்தான் இருக்கும். "மத்தியானம் டீக்கடையில பேசிக்கினாங்க. கொக்கி பட்டது நெசமுன்னா அவனயே கட்டிக்கச் சொல்லிடுவாங்கன்னு. நான் டீயக் கூடக் குடிக்கல. வூட்டுக்கு ஓடிப் போயி, கயிறு கேட்டு ஆளு வர்றதுக்குள்ள கட்டி முடிக்கணும்னு அவசர அவசரமா பதினஞ்சி கொக்கி கட்டுனேன். ஒண்ணு கட்டவெரல்ல ஏறிடிச்சி." வெள்ளைக் கோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். "பஞ்சாயத்துல தல குனிஞ்சி நின்னேனே, அப்ப துணியச் சுத்தி இத மறச்சிக்கினு நின்னேன். நீ எங்க இல்லன்னு சொல்லிடப் போறியோன்னு எனக்கு உசிரே போச்சி. நீ தலைய ஆட்டுன பாரு, அப்பதான் மூச்சு வந்துது."

செல்லாயி முதலில் அழுதாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது, வந்ததென்றால் சாதாரணமாக வரவில்லை. "பாவி மனுசா! இருவத்தாறு வருசம் ஒவ்வொரு சோத்துக்கும் நான் முள்ள முழுங்கிக்கினு கெடந்தேன். ஒரு வார்த்த சொன்னா என்னா?"

"சொன்னா நாட்டாரு கல்யாணத்தக் கலச்சி வுட்டுட்டா?"

"அனு பொறந்தாளே, அதுக்கப்பறமாச்சும்?"

"அதுக்கப்பறம் மறந்தே போயிட்டேன் புள்ள." அவன் திருப்பிக் கேட்டான். "நீ மட்டும் சொன்னியா?"

அவளுக்கு அழுகையும் கோபமும் தீர்ந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிக்க வெக்காதீங்க, கன்னம் இழுக்குது." அப்புறம் தட்டைக் காட்டினாள். "அப்ப இத எதுக்குத் தெனம் எனக்கே எடுத்து வெச்சீங்க? நான் பரிகாரம்னுல்ல நெனச்சேன்."

"நல்ல துண்ட வூட்டுல புடிச்சவங்களுக்கு வெப்பாங்க. அதுக்கு ஒரு கேசு வேணுமா?" என்று சொல்லிவிட்டு உத்திராபதி சோற்றை அள்ளி வாயில் போட்டான்.

செல்லாயி அந்தக் கன்னச் சதையைத் தின்றாள். அவ்வளவு ருசி அதில் இருக்கும் என்று அவளுக்கு அதுநாள்வரை தெரியாது.

அடுத்த மாதம் இரண்டாவது தடவைக்கும் போனார்கள். போக வேண்டுமா என்று உத்திராபதி கேட்டான். "போவணும், இப்பதான் அது வெறும் தழும்பு, எனக்குப் புடிக்கல, அவ்ளோதான்" என்றாள் அவள். காலையில் கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினாள். உதட்டோரத்துக் குழி நன்றாகவே மேடேறியிருந்தது, மற்றவை கொஞ்சம் கொஞ்சமாக. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையைத் தோளோடு விட்டுவிட்டு, புதுச்சத்திரம் வரை பேசிக்கொண்டே வந்தாள்.

கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பழைய சீட்டைத் தேடிப் பிடிக்கத் தெரியாமல் புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, "தழும்பு எதனால வந்துது?" என்றாள்.

"முந்திரிக்கொட்ட" என்றான் உத்திராபதி.

"கொக்கி" என்றாள் செல்லாயி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அந்தப் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளேயிருந்து வந்த அனுப்பிரியா அப்பாவையும் அம்மாவையும் பார்த்துவிட்டு, கதவில் சாய்ந்து நின்றாள்.

செல்லாயி உத்திராபதியின் கையைப் பிடித்து இழுத்து மேஜை மேல் வைத்தாள். கட்டைவிரலைத் திருப்பி, அந்த வெள்ளைக் கோட்டின் மேல் தன் விரலை வைத்துக் காட்டினாள்.

"கொக்கின்னே எழுதும்மா. இந்தா, இங்க பட்டுது."